இரண்டடித் தொட்டிக்கு ஒரு நடுநாயகம்

வில்லிவாக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை. கட்டிங் மேசையை ஒட்டி ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறேன், 11 வருஷமாக. அம்மா அளவு கொடுத்து முடிக்கும்வரை பிள்ளைகள் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பார்த்துவிட்டு வீட்டில் தொட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, சின்ன மீனெல்லாம் விட்டாச்சு. நடுவுல பளிச்சுனு ஒண்ணு வேணும். எதை வாங்கலாம்?"

கேள்வியே தலைகீழாக இருக்கிறது. மாலை கோக்கிறவர் நடுநாயகக் கல்லை முதலில் கையில் வைத்துக்கொண்டுதான் மற்ற மணிகளைத் தேடுவார். தொட்டிக்கும் அதே முறைதான்.

முதல் வேலை, டேப்பை எடுங்கள். கடைகளில் அதிகம் விற்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. கணக்குக்கு 56 லிட்டர். ஆனால் கீழே 2 இன்ச் மணல் போட்டு, மேலே 1 இன்ச் இடைவெளி விட்டால் தண்ணீர் நிற்பது 9 இன்ச்தான். சுமார் 42 லிட்டர். இந்த 9 இன்ச்சை மனசில் வைத்துக்கொண்டு ஏஞ்சல் மீனைப் பாருங்கள். கடையில் அது ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கும். வளர்ந்தால் மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனிவரை 8 இன்ச்சுக்குக் குறையாது. திரும்பக்கூட இடம் இருக்காது.

என் முதல் நடுநாயகம் ஏஞ்சல்தான். கூடவே 10 நியான் டெட்ரா விட்டிருந்தேன். ஐந்து மாதம் எல்லாம் ஒற்றுமையாகத்தான் இருந்தன. ஆறாவது மாதம் காலையில் எண்ணும்போது எட்டு, அடுத்த வாரம் ஆறு. செத்த உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏஞ்சலின் வாய் அவற்றை விழுங்குமளவு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மீன் மேல் குற்றமில்லை. வாங்கும் நாளின் அளவை வைத்து நான் கணக்குப் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் எந்த மீனைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: முழுசாக வளர்ந்தால் எத்தனை இன்ச், வாய் எவ்வளவு பெரிசு?

அடுத்தது தண்ணீர். எங்கள் கடை போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்திருக்கும் உப்பை அளப்பது) 900 காட்டும். சென்னையில் பல தெருக்களில் நிலைமை இதுதான். ராம் சிச்லிட் அவ்வளவு அழகு. 2 இன்ச்தான் வளரும், 28, 29 டிகிரி சூடு அதற்குப் பிடிக்கும். ஆனால் வெனிசுலா, கொலம்பியாவின் ஒரினோகோ ஆற்றுப்பகுதியைச் சேர்ந்தது. உப்பு குறைந்த, மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து வாராவாரம் பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் வாங்கலாம். முதல் தொட்டி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மூன்றாவது, நம் வெயில். மே மாதம் என் தொட்டி 31 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் காற்று மோட்டாரும் நின்றுவிடும். இங்கேதான் கௌராமி மீனும் ஃபைட்டர் மீனும் கைகொடுக்கின்றன. இரண்டுக்கும் செவுளுக்கு மேலே தனியாக ஒரு சுவாச உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை எடுத்துக்கொள்ளும். மேலே 1 இன்ச் இடைவெளி விடச் சொன்னது இதற்காகவும்தான். மூடியை ஒட்டித் தண்ணீர் நிரப்பிவிடாதீர்கள். ஆனால் கூட இருக்கும் சின்ன மீன்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கையிருப்பில் வேண்டும்.

இத்தனையும் பார்த்துவிட்டு நான் சொல்லும் பெயர் ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன். 2 இன்ச்தான் வளரும். ஆணுக்குப் பருவம் வந்தால் உடம்பு தேன் நிறமாகி, தாடையிலிருந்து வயிறுவரை கருநீலம் ஓடும். செடிகளுக்கு நடுவே அது மெல்ல நகர்வதைப் பார்த்தால், பளிச்சென்று இருக்க மீன் பெரிசாக இருக்க வேண்டியதில்லை என்று புரியும். ஒரு ஆண், இரண்டு பெண் போதும். வாங்கும்போது ஒரு கவனம்: தடித்த உதடு கௌராமியின் ஆரஞ்சு வகையையும் சில இடங்களில் ஹனி என்றே கொடுத்துவிடுகிறார்கள். அது மூன்றரை இன்ச்வரை வளரும். தொட்டியில் இருப்பதில் பெரியது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு இன்ச்சை நன்றாகத் தாண்டியிருந்தால் அது ஹனியாக இருக்க வாய்ப்பு குறைவு.

டுவார்ஃப் கௌராமியின் நீலமும் சிவப்பும் கண்ணை இழுக்கும். இரண்டு ஆண் விட்டால் ஒன்று மற்றதை மூலைக்குத் துரத்திக்கொண்டே இருக்கும், ஆகவே ஒன்று மட்டும். பண்ணை மீன்களில் இரிடோவைரஸ் என்றொரு நோய் பரவலாக உண்டு. நிறம் கறுத்து, தீனி எடுக்காமல் ஒடுங்கிவிடும். மருந்து கிடையாது. அப்படி ஒன்றை நான் மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அதன் பிறகு டுவார்ஃப் வாங்கவில்லை.

ஃபைட்டர் ஆண் ஒன்றையும் நடுநாயகமாக வைக்கலாம், போர் தண்ணீரும் வெயிலும் அதற்குப் பெரிய தொந்தரவு இல்லை. கப்பியோடு மட்டும் விடாதீர்கள்; நீள வாலைக் கண்டால் இன்னொரு ஃபைட்டர் என்று பாயும். கௌராமியோடும் கூடாது. ஃபைட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒன்று சாது, அடுத்தது முரடு. சேராவிட்டால் வைக்க இன்னொரு தொட்டி இருந்தால்தான் இந்த வழி.

இனி துணை மீன்கள். ஹனி கௌராமிக்கு மார்புக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு துடுப்பு இருக்கும். அதை வைத்துத்தான் தடவித் தடவி வழி பார்க்கும். டைகர் பார்ப் கூட இருந்தால் அந்த நூலைக் கடித்தே தீர்த்துவிடும். ஜீப்ரா நல்ல மீன், ஆனால் ஓட்டம் அதிகம். கௌராமி மெல்லத் திரும்பி வருவதற்குள் தீனி காலியாகிவிடும். என் தொட்டியில் இருப்பது செர்ரி பார்ப் எட்டு. இலங்கையின் நிழலான ஓடைகளைச் சேர்ந்தது, யாரையும் சீண்டாது. அடிமட்டத்துக்குக் கூலி லோச் நான்கு. வெறும் கூழாங்கல்லாக இல்லாமல் மெல்லிய மணல் போடுங்கள், அது புதைந்து கிடக்கும். இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்" என்று சக்கர் மீனையும் சேர்த்துவிடுவார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். பிறகு ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அங்கே அது நம்ம ஊர் மீன்களை வாழவிடாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போவதென்றால் காலையிலேயே, அவசரமில்லாத நாளில் போங்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து சாப்பிடும் மீனை எடுங்கள். அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தால் அதிலிருந்து எதுவும் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். வீட்டில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட வாளியில் மூன்று வாரம் தனியாக வைத்து, பிறகு சேருங்கள்.

நடுநாயகத்தை முதலில் முடிவுசெய்யச் சொன்னேன். தொட்டிக்குள் விடும்போது அது கடைசி. புதுத் தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவைச் சமாளிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். காரத்தன்மை கூடிய, சூடான தண்ணீரில் அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும் என்பதால் நம் ஊரில் இந்தக் காத்திருப்பு கூடுதல் முக்கியம். தொட்டி தயாரானதும் முதலில் செர்ரி பார்ப், இரண்டு வாரம் கழித்து லோச், அதன் பிறகு கௌராமி. கௌராமியை முன்னால் விட்டால் முழுத் தொட்டியும் தன் இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் விரட்டும்.

விடும் அன்றைக்கு லைட் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் செடிக்குப் பின்னால்தான் நிற்கும், சரியாகச் சாப்பிடாது. பயந்துபோய்க் கூடுதலாகத் தீனி போடாதீர்கள், மிச்சம் அழுகித் தண்ணீர் கெட்டுவிடும். இரண்டு நிமிஷத்தில் தீருமளவுக்கு ஒரு சிட்டிகை, காலையில் ஒன்று, கடை சாத்தும் நேரத்தில் ஒன்று.