திக்கித் திக்கி ஓடும் வீடியோ கேப்சர்: பழைய கம்ப்யூட்டரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது

பழைய விஎச்எஸ் கேசட்டையோ கேம்கார்டர் டேப்பையோ கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படம் விட்டு விட்டு ஓடினால், புது கேப்சர் கார்டு (டேப்பின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி) வாங்கத்தான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் கார்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். அது அனுப்புவதை வாங்கி எழுதி வைக்க ஹார்டு டிஸ்க்கோ பிராசஸரோ திணறும். ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், எப்படி விடுபடுகின்றன என்பதைக் கவனித்தாலே யார் திணறுகிறார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், கோளாறு பதிவில் இருக்கிறதா, ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பதிவான ஃபைலை வேகமான வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சீராக ஓடினால் பதிவு நன்றாகவே இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரால் அதை ஓட்டத்தான் முடியவில்லை. அசையும் பொருள்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவதும் கேப்சர் கோளாறு அல்ல. ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பதியும் இன்டர்லேஸ் வீடியோவின் இயல்பு அது. பிளேயரில் டீஇன்டர்லேஸ் போட்டால் மறைந்துவிடும்.

பதிவிலேயே குறை இருந்தால் விர்ச்சுவல்டப் போன்ற, விடுபட்ட ஃபிரேம்களை எண்ணிக் காட்டும் மென்பொருளில் 10 நிமிடம் கேப்சர் செய்து எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் வினாடியிலிருந்தே மளமளவென்று ஏறினால் காரணம் பிராசஸர், கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), அல்லது தவறான செட்டிங். சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு கெட்டால் டிஸ்க் அல்லது சூடு. எப்போதாவது கொத்தாகப் பத்திருபது ஃபிரேம் போனால் பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் விழித்துக்கொள்கிறது. டேப்பைத் திரும்ப ஓட்டும்போதும் அதே இடத்தில் போனால் குற்றவாளி டேப்தான்.

கடிகாரம் மாதிரி சீரான இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போவது தனி ரகம். அங்கே ஃபிரேம் ரேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறை) டேப்புக்கு 29.97 வைக்க வேண்டிய இடத்தில் 30 வைத்தால் சுமார் 33 வினாடிக்கு ஒரு ஃபிரேம் இடறும். பேல் (இந்தியாவின் டிவி முறை) டேப்புக்கு 25 வைக்காமல் 29.97 வைத்தால் வினாடிக்கு ஐந்து ஃபிரேம் இட்டு நிரப்பப்படும். படம் நடுங்கி நடுங்கி நகர்வது கண்ணுக்கே தெரியும்.

இனி கணக்கு. 720x576 அளவில், வினாடிக்கு 25 ஃபிரேம், ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்று சுருக்காமல் எழுதினால் வினாடிக்கு ஏறக்குறைய 20.7 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. ஹஃப்யுவ் கோடெக் தரத்தைக் குறைக்காமல் இதைச் சுமார் பாதியாக்கும், ஆனால் பிராசஸருக்கு வேலை வைக்கும். ஃபயர்வயர் (1394 என்றும் சொல்லப்படும் கேபிள் இணைப்பு) வழியாக வரும் டிஜிட்டல் கேம்கார்டரின் DV டேப் வினாடிக்கு 3.6 எம்பிதான், மணிக்கு 13 ஜிபி. அதிலும் சுருக்கும் வேலை கேமராவிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ஃபயர்வயரில் ஃபிரேம் போனால் பிராசஸரைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்கையும் டிரைவரையும் பாருங்கள். விண்டோஸ் 7-இல் 1394 கன்ட்ரோலருக்கு 'லெகசி' டிரைவரை மாற்றிப் போட்டதும் சரியாவது உண்டு.

இந்தக் கணக்கை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். ஒருமுறை சுருக்காமலும், ஒருமுறை ஹஃப்யுவிலும் கேப்சர் செய்யுங்கள். சுருக்காதது திக்கி, ஹஃப்யுவ் சீராக ஓடினால் டிஸ்க்தான் காரணம். தலைகீழாக இருந்தால் பிராசஸர். கேப்சர் செய்யும்போதே எச்.264 அல்லது எம்பெக்-2 ஆக மாற்றச் சொல்வதுதான் பழைய பிராசஸரை வதைப்பதில் முதலிடம். முதலில் லேசான கோடெக்கில் பிடித்துக்கொண்டு, பிறகு ஆற அமர மாற்றுவதே முறை. பிரிவியூ ஜன்னலை அணைத்தாலும் சுமை குறையும். டேப் ஓடுவதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க் என்று தெரிந்தால் அதன் இடத்தையும் வேகத்தையும் பாருங்கள். முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த டிஸ்க்கில் எழுதாதீர்கள். தட்டின் வெளி ஓரத்தில் கிடைக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் உட்புறத்தில் கிடைக்கும். டிஸ்க் நிறைய நிறைய எழுத்து உள்ளே போகும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை விட்டுத் தனி டிஸ்க் ஒன்றை கேப்சருக்கென்றே ஒதுக்குவது நல்லது. ஒரே டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிப்பது இதற்கு ஈடாகாது. எழுதும் ஹெட் ஒன்றுதானே. ஃபார்மட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. DV பதிவு சுமார் 20 நிமிடத்தில் நின்றுவிட்டால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி, ஐடிஇ டிஸ்க் (அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) இரண்டும் உள்ள கம்ப்யூட்டரில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. டிஸ்க்கில் ஆறு முறை பிழை வந்தால் விண்டோஸ் தானாகவே, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நகர்த்தும் டிஎம்ஏ முறையிலிருந்து, பிராசஸரே எல்லாவற்றையும் சுமக்கும் மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாமல். அதன்பின் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால்கூட பிராசஸர் முழுவதும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் 'பிரைமரி ஐடிஇ சேனல்' பண்புகளில் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பாருங்கள். 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் பிஐஓ என்றிருந்தால், அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ போடும். மறுபடி பிஐஓவுக்கே போனால் கேபிளை மாற்றுங்கள். 40 இழைக் கேபிளுக்குப் பதில் 80 இழைக் கேபிள் வேண்டும். கேபிள் மாற்றியும் தீரவில்லை என்றால் டிஸ்க்கே சாகப் போகிறது, முதலில் பேக்கப் எடுங்கள்.

யூஎஸ்பி கேப்சர் கருவிக்குத் தனிப் பிரச்சினை உண்டு. சுருக்காத 20 எம்பி ஓட்டமே யூஎஸ்பி 2.0 பாதையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதே பாதையில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் மாட்டி அதில் எழுதச் சொன்னால் நெரிசல்தான். ஹப் வேண்டாம், கம்ப்யூட்டரின் பின்பக்கத்துப் போர்ட்டில் நேராக மாட்டி, உள் டிஸ்க்கில் எழுதுங்கள். யூஎஸ்பி 1.1 போர்ட்டில் முழு அளவுப் படம் வரவே வராது, முயல வேண்டாம்.

கொத்துக் கொத்தாகப் போவதற்கு: ஆன்டிவைரஸின் ரியல்டைம் ஸ்கேனிலிருந்து கேப்சர் ஃபோல்டரை விலக்குங்கள். இண்டெக்ஸிங், ஸ்கிரீன்சேவர், தானியங்கி அப்டேட், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆகியவற்றை நிறுத்துங்கள். பவர் பிளான் 'ஹை பெர்ஃபாமன்ஸ்' ஆக இருக்கட்டும். வைஃபை அடாப்டரை டிசேபிள் செய்து பாருங்கள். சில வைஃபை டிரைவர்கள் மற்ற வேலைகளைக் காக்க வைக்கும். லேட்டன்ஸிமான் மென்பொருள் எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும்.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மட்டும் திணறல் வந்தால் பிராசஸர் ஃபேனின் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

டேப் விஷயத்தில் கம்ப்யூட்டரை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை. தேய்ந்த டேப்பின் சிங்க் சிக்னல் (ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறி) தள்ளாடும்போது கேப்சர் கருவி அதை ஃபிரேமாகவே ஏற்காது. விசிஆர் ஹெட்டைச் சுத்தம் செய்து, டிராக்கிங்கைச் சரிசெய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் நடுவில் டைம் பேஸ் கரெக்டர், அதாவது தள்ளாடும் சிக்னலைச் சீராக்கி அனுப்பும் கருவி, வேண்டும். அது கிடைக்காத இடத்தில் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக சிக்னலைக் கடத்தி விடுவது கேசட் மாற்றுவோர் பலரும் கையாளும் வழி.

பேல் டேப்பில் ஒரு மணி நேரம் என்றால் 90,000 ஃபிரேம். அதில் நாலைந்து, அதுவும் காட்சி மாறும் வெற்றிடத்தில் போனால், அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு நாளைச் செலவழிக்காதீர்கள்.