மெட்ரோ வருமென்று கடை கட்டுவதற்கு முன்

மதுரை ஒத்தக்கடையில் இருபது வருடமாகக் கட்டட பிளான் போட்டுத் தருகிறேன். மேலூர் ரோட்டை ஒட்டி ஐந்து சென்ட் வைத்திருக்கும் ஒரு அக்கா, "ஸ்டேஷன் இங்கதான் வருதாம்ல தம்பி, மூணு மாடிக்குக் கடை கட்டிருவோமா?" என்று கேட்டு வந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், மதுரை மெட்ரோ ரயில் திட்டம் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் என்று திட்ட அறிக்கை தயாரானது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை மதுரைக்கு இல்லை என்பது காரணம். ஆகவே "மெட்ரோ பக்கம்" என்று விலை ஏற்றிச் சொல்லும் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நிலையத்தின் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். ரயில் தலைக்கு மேலே போவதால் கடைக்கு ஆள் வரப்போவதில்லை. படிக்கட்டு வரும் இடத்திலிருந்து உங்கள் மனை வரைக்கும் சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு நடந்து பாருங்கள். நிழல் உண்டா? சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறதா? ரோட்டைக் கடக்க முடிகிறதா? உங்களால் நடக்க முடியாத தூரத்தை வாடிக்கையாளரும் நடக்க மாட்டார்.

மூன்றாவதாக டேப்பை எடுத்து ரோட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளம். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. மொத்தமாக 4,356 சதுர அடி வரை தளம் எழுப்பலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ரோடு அகலமாக இருக்க வேண்டும், கட்டணமும் உண்டு. சந்துக்குள் இருக்கும் மனைக்கு நிலையம் பக்கத்திலேயே வந்தாலும் இந்தக் கணக்கு மாறிவிடாது.

சரி, ரயில் வந்தால் தனியார் ஏன் துணிந்து பணம் போடுகிறார்கள்? பஸ் ஸ்டாப்பை நாளைக்கே இடம் மாற்றிவிடலாம். தண்டவாளம் அப்படி இல்லை. ஆனால் தண்டவாளம் மட்டும் போதாது, அரசும் நிலத்துக்காரரும் எழுத்தில் கட்டுப்பட வேண்டும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஊர் அமெரிக்காவின் போர்ட்லண்ட். அங்கே பழைய ரயில்வே யார்டு கிடந்த இடத்துக்காக 1997இல் மாநகராட்சியும் நிலத்துக்காரரும் ஒப்பந்தம் போட்டார்கள். ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு என்று இருந்தது. மாநகராட்சி குறுக்கே நின்ற பாலத்தை இடித்தால் 87, டிராம் வேலையைத் தொடங்கினால் 109, பூங்கா அமைத்தால் 131 என்று நிலத்துக்காரர் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் வேலையை முடித்தால்தான் மற்றவருக்குக் கடமை. 2001இல் டிராம் ஓடியது. பாதையோரச் சொத்துக்காரர்களும் செலவில் ஒரு பங்கைத் தனி வரியாகக் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் இதைக் கேட்க வழி இருக்கிறது. ஊரில் எங்கே என்ன வரலாம் என்று சொல்லும் மாஸ்டர் பிளானின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபனை, ஆலோசனை சொல்ல அவகாசம் தருவார்கள். தெருவே கூடி ஒரே மனுவாக எழுதுங்கள்: நடைபாதை, வடிகால், படிக்கட்டுக்குப் போகும் குறுக்குவழி ஆகியவற்றை யார், எந்த வருடத்துக்குள் முடிப்பார்கள் என்று கேளுங்கள். "வளர்ச்சி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

அக்கா இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும் கட்டுகிறார். அஸ்திவாரத்தையும் தூண்களையும் மூன்று மாடி தாங்குகிற மாதிரி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.