கோச்சிடம் போகிறீர்களா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் கோச்சிங் என்றாலே நீட் கோச்சிங், பேங்க் எக்ஸாம் கோச்சிங்தான் நினைவுக்கு வரும். ஒருவர் போர்டு முன் நின்று சொல்லித் தருவார், நாம் எழுதிக்கொள்வோம். வேலையிலோ வாழ்க்கையிலோ அடுத்து என்ன என்று தெரியாமல் கோச்சிடம் போகிறவர்களும் அதே நினைப்போடுதான் போகிறார்கள். ஆனால் இந்த கோச் சொல்லித் தருபவர் இல்லை, கேள்வி கேட்டு நம்மையே பதில் தேட வைப்பவர். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

நானும் அப்படித்தான் போனேன். டீம் லீட் ஆகி ஆறு மாதம், வேலை தலைக்கு மேல். புது நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "டீமில் யாரும் பொறுப்பா செய்றதில்ல, நான் என்ன செய்யட்டும்?" என்றேன். கோச் திருப்பிக் கேட்டார்: "போன வாரம் அவங்க முடிச்சுக் கொடுத்ததுல எதை நீங்க கை வைக்காம அனுப்புனீங்க?" யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அவர் பேசாமல் காத்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். இதையே அவர் அறிவுரையாகச் சொல்லியிருந்தால் நிச்சயம் வாதாடியிருப்பேன்.

அதனால், "நீங்களே சொல்லிடுங்க" என்று கோச்சை நெருக்காதீர்கள். அவர் மௌனமாக இருக்கும்போது பதறி எதையாவது பேசி நிரப்பவும் வேண்டாம். நல்ல பதில்கள் அந்த இடைவெளியில்தான் வரும்.

அடுத்தது, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் செய்யும் தவறு. இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. ரீல்ஸையும் ஃபாலோயர் எண்ணிக்கையையும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கோச்சுகளுக்குச் சான்றிதழ் தரும் ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு 1995 முதல் இருக்கிறது. அதன் தொடக்கநிலைச் சான்றிதழான ஏசிசிக்குப் பயிற்சியோடு 100 மணி நேர கோச்சிங் அனுபவம் வேண்டும். அடுத்த நிலையான பிசிசிக்கு 500, உச்ச நிலையான எம்சிசிக்கு 2,500. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போக வேண்டும். பலர் முதல் உரையாடலுக்குக் கட்டணம் வாங்குவதில்லை, அதில் பேசிப் பாருங்கள். பத்து செஷனுக்கும் சேர்த்து இன்றே கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் கோச்சிடம் போகவே கூடாது. அதற்கு மனநல மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மனஸின் எண் 14416, கட்டணம் கிடையாது. பொறுப்பான கோச் என்றால் அவரே அங்கே போகச் சொல்வார்.

கம்பெனி பணம் கட்டுகிறதா? அப்படியானால் இங்கே பேசுவதில் எது மேனேஜருக்கும் எச்ஆருக்கும் போகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். குறிக்கோளும் நீங்கள் செஷனுக்கு வந்து போன கணக்கும் போகலாம், பேச்சு போகக் கூடாது. இது தெளிவாகாமல் யாராலும் மனம் திறந்து பேச முடியாது.

அப்புறம், செஷன் வெறும் ஒரு மணி நேரம்தான். மாற்றம் அதற்கு வெளியே நடக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட வேலை சின்னதுதான்: இரண்டு வாரத்துக்கு, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டைத் திருத்தாமல் அனுப்புவது. முதல் வெள்ளி கை துறுதுறுவென்றது. இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை தெரிந்தும் அப்படியே அனுப்பினேன். திங்கள்கிழமை, அதைத் தயாரித்த பெண்ணே பிழைகளைக் கண்டுபிடித்து, திருத்திய பிரதியோடு என் மேஜைக்கு வந்து நின்றாள்.