பள்ளியில் மனையியல் இல்லையா? வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்

பிளஸ் ஒன்னில் நான் மனையியல், அதாவது ஹோம் சயின்ஸ் எடுத்தபோது பெரியப்பா கேட்டார்: "சோறு பொங்கக் கத்துக்கறதுக்கு எதுக்குடி பள்ளிக்கூடம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மார்க் குறைவு, அந்த குரூப்தான் கிடைத்தது, அவ்வளவுதான். ரொம்ப வருடம் கழித்து ஒரு கடன் ஏஜென்ட் "மாசம் ஒரு பெர்சன்ட்தான் மேடம்" என்று ஃபாரத்தை நீட்ட, அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து வந்தேன். அன்றைக்குப் பெரியப்பாவுக்குப் பதில் கிடைத்தது, சொல்லத்தான் அவர் இல்லை.

மனையியல் என்றால் சமையல், தையல், கோலம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் இதை ஒரு படிப்பாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்ஐடி) படித்த முதல் பெண், குடிநீரைப் பரிசோதித்த வேதியியல்காரர். 1899-இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் இவரும் இன்னும் சிலரும் கூடிப் பேசியதில்தான் இந்தப் படிப்புக்கு ஹோம் எகனாமிக்ஸ் என்ற பெயர் நிலைபெற்றது. நம் பக்கம் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-இல் வந்துவிட்டது. அதாவது இது பாதி கணக்கு, பாதி கெமிஸ்ட்ரி. பையன்களுக்கு இது தேவையில்லை என்று எந்தக் காரணத்தால் முடிவு செய்தார்களோ!

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்தப் பாடம் இல்லை என்றால், எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே வீட்டில் ஆரம்பித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு நாற்பது பக்க நோட்டு, வீட்டுக்கு வரும் பில்கள், இவை போதும்.

முதல் மாதம் சமையலறைப் பக்கமே போகாதீர்கள். நேரே அடுப்படியில் நிறுத்தினால் பெண் பிள்ளை "வேலை வாங்குறாங்க" என்று முகத்தைத் திருப்பும், பையன் ஓடிவிடுவான். கரண்டு பில்லிலிருந்து தொடங்குங்கள். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் முழுச்சூட்டில் ஓடினால் ஒரு யூனிட். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 45 யூனிட். அதே வேலையை 30 வாட் ஃபேன் 18 யூனிட்டில் முடிக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக விலை ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் இடையிலே இருந்த மலிவு விலையும் போய்விடும். அதனால்தான் 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் பில்லில் அவ்வளவு வித்தியாசம். மீட்டரை வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் வாரத்திலேயே பையன் வந்து, யார் கீசரை அணைக்காமல் விட்டது என்று விசாரணை நடத்த ஆரம்பித்துவிட்டான். விட்டது நான்தான், அதை நான் சொல்லவில்லை.

அப்புறம் சிலிண்டர். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் வரும் எடை தராசில் வருகிறதா என்று டெலிவரிக்காரர் முன்னாலேயே பார்க்கலாம், தயங்க வேண்டாம். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். எண் வருடம். அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம், தேதி தாண்டியது வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906, அதைக் கதவின் பின்னால் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கடை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்னால் கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும், பின்னால் முதல் பெயர் மைதாவாக இருக்கும், அந்த ஒரு நொடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நான் ஒரு வருடம் வாயால் சொன்னது அதற்கு ஈடாகாது. பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்பதையும் சரிபாருங்கள். இரண்டையும் நூறு கிராமுக்கு என்ன விலை என்று மாற்றினால், சில சமயம் சின்னதுதான் மலிவாக இருக்கும். பச்சைப் புள்ளி சைவம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் 14 இலக்கம். ஏமாற்றினால் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த மூன்றும் நோட்டில் ஏறட்டும்.

இப்போது சமையலறைக்குள் போகலாம். ஆனால் ரெசிபி மனப்பாடம் வேண்டாம், ஏன் என்ற கேள்வியோடு போங்கள். இட்லிக்கு அரிசியோடு உளுந்து ஏன், பொங்கலில் பாசிப்பருப்பு ஏன்? புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் லைசின் என்பது அரிசிப் புரதத்தில் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, அரிசி அதைச் சரிக்கட்டும். சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது. கீரை, பயறு சாப்பிடுகிற வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே போதும், காசு செலவில்லாத வைத்தியம்.

வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைக் கரைசலைக் கையால் ஒருமுறை கலக்கவிடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான குடிநீர், தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கைப்பிடிக் கணக்கு வேண்டாம், ஸ்பூனை வழித்துத் தட்டி அளக்கணும். நிற்காமல் போனாலோ, ரத்தம் வந்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ ஆஸ்பத்திரிதான்.

தையலுக்கு இரண்டு ஞாயிறு போதும்: பட்டன், ஹூக், பேன்ட் அடி மடித்து ஹெம்மிங். துணி எது என்று தெரிய ஓரத்தில் ஒரு நூலை உருவி, சிங்க் பக்கத்தில் வைத்து, நீங்கள் கூடவே நின்று கொளுத்திக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி மணக்கும், பாலியஸ்டர் உருகி மணியாகும், பட்டு முடி கருகும் வாடை அடிக்கும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் ஏன் சிவக்கிறது, வெயிலில் காய்ந்தால் ஏன் மங்குகிறது என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம்.

சரி, வட்டிக்கு வருகிறேன், இதற்கு ஒரு மாதம் முழுக்க ஒதுக்குங்கள். நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், வருடத்துக்கு 24 சதவீதம். அந்த ஏஜென்ட் சொன்ன ஒரு பெர்சன்டைப் பாருங்கள். ஒரு லட்சம் கடன், மாதம் ஆயிரம் வட்டி, வருடத்தில் 12,000. பன்னிரண்டு தவணையில் மாதம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் ஆறாவது மாதம் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய பாதிதான், வட்டியோ முதலில் வாங்கிய முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறையும் அசலுக்கு வைத்துப் பார்த்தால் அது 12 சதவீதம் இல்லை, 21 சதவீதத்துக்கும் மேல். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் மாதாமாதம் எழுதிக் கழித்துப் பார்த்தால் புரிந்துகொள்ளும். செல்போன் தவணை, ஏலச்சீட்டு எல்லாவற்றையும் இதே மாதிரி எழுத வையுங்கள்.

பிள்ளைக்குப் பிடித்துப்போய் பிளஸ் ஒன்னில் மனையியல் குரூப்பே எடுக்கிறேன் என்றால், சேருவதற்கு முன் ஒரு விஷயம். ஊட்டச்சத்து, உணவுத் தொழில்நுட்பம், ஆடை வடிவமைப்பு, குழந்தை வளர்ச்சி என்று மேலே படிக்க வழி உண்டு. ஆனால் எந்தக் கல்லூரிப் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்பதை முதலிலேயே பாருங்கள். டாக்டர் கனவு இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் நீட் எழுத முடியாது.

வருடக் கடைசியில் பரீட்சை. பேப்பர் பரீட்சை இல்லை, ஒரு வாரத்துக்கான காய்கறி மளிகைப் பணத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் எல்லாரும் அதில் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், 2,000 ரூபாய் கொடுத்தேன். பையன் முதல் நாளே மட்டன் வாங்கினான், அதிலேயே பாதிப் பணம் கிட்டே போய்விட்டது. வெள்ளிக்கிழமை ரசம், அப்பளம். சனிக்கிழமை அப்பளமும் இல்லை. அவன் அப்பா பர்ஸைத் திறக்கப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். நீங்களும் குறுக்கே போகாதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரெண்டு வட்டிக்குக் கொடுங்கள்.