டான்ஸ் மியூசிக் மிக்ஸிங், மாஸ்டரிங்: கிக்கும் பேஸும் சரியானால் முக்கால்வாசி வேலை முடிந்தது

டிராக்கில் சத்தம் போதவில்லை என்று லிமிட்டரை (உச்சங்களை ஓர் எல்லையில் நிறுத்தி மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவி) மேலும் மேலும் அழுத்துவது டான்ஸ் இசையில் வாடிக்கையாக நடக்கும் தப்பு. ப்ராஜெக்டைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் லிமிட்டரில் இருக்காது. 40க்கும் 120 ஹெர்ட்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். ஆனால் அலைவடிவத்தில் அவைதான் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றன. கிக்கும் (பீட்டைச் சொல்லும் கனமான டிரம் அடி) பேஸும் (தாழ்ந்த ஸ்வரங்களின் வரிசை) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், காதுக்குக் கூடுதலாக எதுவும் கேட்காமலே 3 டெசிபல் வீணாகப் போய்விடும். அதை மாஸ்டரிங்கில், அதாவது மிக்ஸ் முடிந்தபின் வெளியீட்டுக்குத் தயார்செய்யும் கடைசிக் கட்டத்தில், மீட்க முடியாது. அதனால்தான் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி கிக்கையும் பேஸையும் சுற்றியே வரும்.

அறையும் ஒலியளவும்

50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். சாதாரணப் படுக்கையறைக்குள் அது முழுதாக விரியவே இடமில்லை. சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் இரட்டிப்பாகவும் இன்னோரிடத்தில் காணாமலும் போகும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தால் பேஸ் குறைவாகக் கேட்கும், கையும் தானாக பேஸ் ஃபேடரை ஏற்றும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் நாற்காலியைப் போட்டுத் தொடங்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நல்ல ஹெட்ஃபோனிலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரிலும் சரிபார்க்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் வேலை செய்யுங்கள். சத்தம் கூடக் கூட, தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். அப்போது எந்த மிக்ஸும் நன்றாகத்தான் இருக்கும். கிளப் அளவில் கேட்பது கடைசியில், இரண்டு மூன்று நிமிடம் போதும்.

அதே வகையில், அதே வேகத்தில் வெளியான ஒரு டிராக்கை வேவ் ஃபைலாக ப்ராஜெக்டில் போட்டு வையுங்கள். அது மாஸ்டரிங் முடிந்தது. உங்கள் மிக்ஸைவிட 6 முதல் 10 டெசிபல் வரை சத்தமாக இருக்கும். அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். குறைக்காமல் கேட்டால் சத்தமானதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

கிக்

கிக்கைத் தேர்ந்தெடுப்பதே பாதி மிக்ஸ். மூன்று சாம்பிளை அடுக்கி ஒரு கிக் செய்வதைவிட, ஏற்கெனவே சரியாக இருக்கும் ஒரே சாம்பிளைத் தேட அரைமணி செலவிடலாம். அடுக்கித்தான் தீர வேண்டும் என்றால் ஒவ்வொரு அடுக்கின் போலாரிட்டியையும் (அலையின் மேல் கீழ் திசை) திருப்பிப் போட்டுக் கேளுங்கள். எந்தப் பக்கம் அடிவயிறு கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

நீளத்தைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 128 பிபிஎம்மில் அது 469. பேஸ் ஆஃப்பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) வருகிறதென்றால் கிக் 230 மில்லிசெகண்டுக்குள் ஓய்ந்துவிட வேண்டும். வேகமான சைட்ரான்ஸ் வகையில் கதை வேறு. 145 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு நோட்டுக்கு 103 மில்லிசெகண்ட்தான். முதல் நோட்டு கிக், அடுத்த மூன்றும் பேஸ் என்று வரும்போது, கிக் 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் முதல் பேஸ் நோட்டை விழுங்கிவிடும்.

கிக்கை டிராக்கின் சுருதியில் சேர்க்க வேண்டுமா என்ற வாதம் ஓயாது. கிக் என்பது சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து 50 வரை சட்டென்று சரிந்து விழும் ஒலி. அதன் வாலுக்கு மட்டும்தான் சுருதி உண்டு. வால் நீளமான கிக் என்றால் சேர்த்தாக வேண்டும். கட்டையான கிக் என்றால் அரை சுருதி விலகினாலும் யாருக்கும் தெரியாது. பேஸ் விஷயத்தில் சுருதி முக்கியம்: எஃப் 43.7 ஹெர்ட்ஸ், ஜி 49, ஏ 55. இந்த வட்டாரத்தைப் பெரிய சப் ஸ்பீக்கர்கள் நன்றாகக் கொடுக்கும். சி நோட்டில் பாட்டு அமைந்தால் அடி பேஸ் 32.7க்கு இறங்கும், அல்லது 65.4க்கு ஏறும், முன்னது பல ஸ்பீக்கர்களில் கேட்காது, பின்னது அவ்வளவு கனமாக இராது.

கிக்கில் பழக்கதோஷத்தில் 30 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடாதீர்கள். ஃபில்டர் தன் எல்லைக்கு மேலேயும் ஃபேஸை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) திருகும். அலைவடிவம் உருமாறி, உச்சம் குறைவதற்குப் பதில் ஒரு டெசிபல் ஏறிவிடுவதும் உண்டு. அடியின் கூர்மையும் மழுங்கும். அதற்குப் பதில் ஃபேஸைத் திருகாத லீனியர் ஃபேஸ் ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றி இறக்கும் கருவி) போட்டால் கிக்குக்கு முன்னாலேயே ஒரு மங்கலான உறுமல் கேட்கும். கீழே குப்பை இருக்கிறதா என்று அனலைசரில் பார்த்துவிட்டுத் தேவையானால் மட்டும் வெட்டுங்கள்.

பேஸும் சைட்செயினும்

பேஸை இரண்டாகப் பிரியுங்கள். 100 அல்லது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்: சைன் அலை, முழு மோனோ, கோரஸ் இல்லை, ரிவெர்ப் (அறை எதிரொலி) இல்லை. அதற்கு மேலே மிட் பேஸ்: சாச்சுரேஷன் (லேசான டிஸ்டார்ஷன்), அகலம், அசைவு எல்லாம் இங்கே. ஃபோன் ஸ்பீக்கரில் பேஸே கேட்கவில்லை என்றால் சப்பை ஏற்றிப் பயனில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைக் கொடுக்கவே முடியாது. மிட் பேஸில் சாச்சுரேஷன் கூட்டினால் மேலே பிறக்கும் ஹார்மோனிக்குகளை வைத்துக் காது பேஸை ஊகித்துக்கொள்ளும்.

பேஸுக்கும் ஃபேஸுக்கும் எழுத்தில் ஓர் ஆய்தம்தான் வித்தியாசம். மிக்ஸில் பாதித் தலைவலி அந்த ஆய்தத்தில்தான் இருக்கிறது. சிந்தசைசரில் ஆசிலேட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நோட்டும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கும். ஒரு பீட்டில் கிக்கோடு கூடும், அடுத்த பீட்டில் கழியும். ‘ரீட்ரிக்கர்’ பட்டனை ஆன் செய்தால் எல்லா நோட்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். பீட்டுக்கு பீட்டு அடி மாறுகிறதே, கம்ப்ரசர் (சத்தம் கூடும்போது அமுக்கும் கருவி) போட்டும் அடங்கவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சைட்செயினை, அதாவது கிக் விழும்போதெல்லாம் பேஸை அமுக்கும்படி கம்ப்ரசரைத் தூண்டும் ஒலியை, கேட்கும் கிக்கிலிருந்து எடுக்காமல், மாஸ்டருக்கு (எல்லா டிராக்கும் சேரும் கடைசி டிராக்) போகாத ஒரு தனி டிராக்கில் குட்டையான கிளிக் வைத்து அதிலிருந்து எடுங்கள். கிக் சாம்பிளை மாற்றினாலும் அசைவு மாறாது. கிக் நின்ற இடத்திலும் அந்த மூச்சு தொடரும். அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) மிகவும் வேகமாக, 0.1 மில்லிசெகண்டில் இருந்தால் சப் அலை நடுவில் அறுபட்டு ‘டிக்’ என்று கேட்கும். 3 முதல் 5 மில்லிசெகண்ட் லுக்அஹெட் (வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் வசதி) வைத்து அட்டாக்கை அதே அளவுக்குத் தளர்த்தினால் போய்விடும். ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) ஹவுஸ் வகைக்கு 120 முதல் 150 மில்லிசெகண்ட், பம்ப் (சத்தம் மூச்சுபோல் ஏறி இறங்குவது) வேண்டிய பெரிய மேடை இசைக்கு 200 முதல் 250. வளைவை நீங்களே வரையும் வால்யூம் ஷேப்பர் பிளக்இன் கையில் இருந்தால் கம்ப்ரசரை மறந்துவிடலாம், அதுதான் துல்லியம்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் அமுக்க வேண்டாம். கிக் விழும் நொடியில் சப் முழுதாக அணைய வேண்டும். மிட் பேஸுக்கு 4 முதல் 6 டெசிபல், பேடுகளுக்கு (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஸ்வரங்கள்) 3 அல்லது 4, குரலுக்கு ஒன்று அல்லது எதுவும் வேண்டாம். ரிவெர்ப் திரும்பி வரும் டிராக்கையும் அமுக்குங்கள். மிக்ஸ் உடனே தெளியும்.

இனி சோதனை. கிக்கையும் பேஸையும் மட்டும் 8 பாருக்கு (ஒரு பார் நான்கு பீட்) பவுன்ஸ் செய்து, அதாவது ஆடியோ ஃபைலாக்கி, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா பீட்டின் உச்சமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தனிக் கிக்கைவிட இரண்டும் சேர்ந்த உச்சம் 1 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 3 டெசிபல் போனால் இன்னும் மோதுகிறது: கிக்கின் வாலைக் குறைக்கலாம், அல்லது சைட்செயின் வளைவைத் தள்ளிப் போடலாம்.

அளவுகள்

கிக்கின் உச்சத்தை மைனஸ் 9 டெசிபலில் நிறுத்தி மற்றதை அதைச் சுற்றிக் கட்டினால், மிக்ஸ் முடிகையில் மாஸ்டரில் உச்சம் மைனஸ் 6 அருகில் வரும். 32 பிட் ஃப்ளோட்டில் ஓடும் மென்பொருளில் இடையில் பூஜ்யத்தைத் தாண்டினாலும் ஒலி உடையாது. ஆனால் பழைய அனலாக் கருவிகளைப் பின்பற்றும் பிளக்இன்கள் பெரும்பாலும் சராசரி மைனஸ் 18ஐ எதிர்பார்ப்பவை. அதைவிடச் சத்தமாக அனுப்பினால் வேண்டாத டிஸ்டார்ஷனைக் கொடுக்கும். மாஸ்டர் ஃபேடரைக் குறைப்பதும் உதவாது, ஏனெனில் பெரும்பாலான மென்பொருள்களில் மாஸ்டரில் உள்ள பிளக்இன்கள் ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. எல்லா டிராக்கையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கீழிறக்குங்கள்.

சூப்பர்சா, அகலம், டிராப்

1996இல் ரோலண்ட் ஜேபி-8000 சிந்தசைசரில் வந்த சூப்பர்சா, சற்றே சுருதி பிசகிய 7 சா (ரம்பப்பல் வடிவ) அலைகளின் கூட்டம். அதையே மூன்று அடுக்கு போட்டால் 21 அலைகள் ஒரே இடத்தில் முண்டியடிக்கும். லீடுகளில் (முன்னணி மெட்டை வாசிக்கும் இதுபோன்ற ஒலிகள்) 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 300 அருகில் 2, 3 டெசிபல் அகலமாகக் குறைத்தால் சகதி வடியும். 2,500 முதல் 4,500 ஹெர்ட்ஸ் வரை காதைக் கீறும் இடத்துக்கு, ஒலி மிஞ்சும்போது மட்டும் குறைக்கும் டைனமிக் ஈக்யூ போதும். ஓர் அடுக்கை நடுவில் மோனோவாக வையுங்கள், மற்றதை அகலமாக்குங்கள். எல்லாமே அகலம் என்றால் எதுவுமே அகலமாகத் தெரியாது.

பல கிளப்களில் ஒலி மோனோவில்தான் ஓடுகிறது. மாஸ்டரை மோனோவாக்கும்போது லீட் கரைந்து காணாமல் போனால், ஒரு பக்கத்தை 10 முதல் 30 மில்லிசெகண்ட் தாமதித்து அகலமாக்கும் தந்திரம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இடப்பக்கமும் வலப்பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே நிலைத்து நிற்பதும் அதே அறிகுறி.

ரிவெர்ப்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், ப்ரீடிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லிசெகண்ட் வையுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டிராப் (கிக்கும் பேஸும் முழு வேகத்தில் வந்து இறங்கும் பகுதி) பெரிதாக விழ, டிராப்பை ஏற்றாதீர்கள். அதற்கு முன்னால் இருப்பதை இறக்குங்கள். பிரேக்டவுனை (டிராப்புக்கு முன் வரும் அமைதியான பகுதி) 1 டெசிபல் குறைத்து, கடைசி 4 பாரில் சப்பை எடுத்துவிட்டு, கடைசி பாரில் அகலத்தைச் சுருக்கினால் போதும். ரைசரின் (டிராப்பை நோக்கி ஏறிக்கொண்டே போகும் ஒலி) ரிவெர்ப் வால் டிராப்பின் முதல் கிக்கின்மேல் விழாதபடி ஆட்டோமேஷனில் அறுத்துவிடுங்கள். டிராப் சப்பென்று இருப்பதற்குப் பாதி நேரம் இந்த வால்தான் காரணம்.

கிளிப்பர்

டிரம் பஸ்ஸில் (எல்லா டிரம்மும் சேரும் டிராக்) சாஃப்ட் கிளிப்பர் (உச்சிகளை நேரடியாகச் சீவும் கருவி) போட்டு உச்சங்களை 2, 3 டெசிபல் சீவுங்கள். ஓரிரு மில்லிசெகண்ட் நீளும் உச்சியை வெட்டினால் காதுக்குத் தெரியாது. அதே வேலையை லிமிட்டரிடம் விட்டால், கிக் விழும்போதெல்லாம் அது மொத்தப் பாட்டையும் அமுக்கும். கிளிப்பரின் ஓவர்சாம்பிளிங் (அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் வசதி) 4 மடங்கு இருக்கட்டும். சப் டிராக்கில் மட்டும் கிளிப்பர் வேண்டாம். சைன் அலையின் தலையை வெட்டினால் ரீங்காரம் அப்படியே கேட்கும்.

மாஸ்டரிங்

மாஸ்டரில் லிமிட்டர் இல்லாமல், ப்ராஜெக்டின் அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட் வேவாகப் பவுன்ஸ் செய்து ஒரு நாள் கிடப்பில் போடுங்கள். பிறகு புதிய ப்ராஜெக்டில் திறந்து, இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதலில் ஈக்யூ. எந்த இடத்திலும் 1.5 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம். 3 தேவைப்பட்டால் மிக்ஸுக்குத் திரும்ப வேண்டும். அடுத்து பஸ் கம்ப்ரசர்: விகிதம் 2க்கு 1, அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் ஆட்டோ, முள் 1 அல்லது 2 டெசிபல் மட்டும் அசையட்டும். அட்டாக்கைக் குறைத்தால் கிக்கின் முனை போய்விடும். பின்பு கிளிப்பரில் 1 அல்லது 2, கடைசியாக லிமிட்டரில் 2 அல்லது 3 டெசிபல்.

லிமிட்டரின் ரிலீஸில் ஒரு கண்ணி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால், லிமிட்டர் பாட்டின் அளவைத் தொடர்வதற்குப் பதில் ஒவ்வொரு அலையின் மேடுபள்ளத்தையும் தொடரும். பேஸ் கரகரக்கும். 60 மில்லிசெகண்டில் தொடங்கி, பம்ப் கேட்கும் வரை ஏற்றி, சற்றே பின்வாங்குங்கள்.

எவ்வளவு சத்தம்? அளவுகோல் லஃப்ஸ் (LUFS), காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14க்குச் சமப்படுத்துகிறது. அதற்காக மைனஸ் 14இல் மாஸ்டர் செய்தால், டிஜே அதை மைனஸ் 7இல் உள்ள டிராக்குக்குப் பக்கத்தில் வைக்கும்போது தரை அதிராது. டிராப்பை மட்டும் அளந்து பாருங்கள். நீளமான பிரேக்டவுன் மொத்தச் சராசரியை இழுத்து ஏமாற்றும். ஹவுஸ், மெலடிக் டெக்னோ வகைகளுக்கு டிராப்பில் மைனஸ் 8 அல்லது 9, கனமான வகைகளுக்கு மைனஸ் 6 அல்லது 7. அதையும் தாண்டினால் கிக் அட்டையைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். லிமிட்டரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கிக் சுருங்கியதா என்பது அப்போதுதான் தெரியும்.

உச்ச எல்லையை ட்ரூ பீக் அளவில் மைனஸ் 1இல் வையுங்கள். இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை, மீட்டர் காட்டுவதைவிட உயரே எழும்பலாம்; எம்பி3, ஏஏசி ஆக்கும்போது இன்னும் எழும்பும். மைனஸ் 14ஐவிடச் சத்தமான டிராக்குக்கு ஸ்பாட்டிஃபையே மைனஸ் 2 பரிந்துரைக்கிறது.

ஃபைல்

24 பிட் வேவ் ஒன்று, 16 பிட் கேட்டால் டித்தர் (பிட்டைக் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு இன்னொன்று. டித்தர் ஒரே முறை, சங்கிலியின் கடைசியில். எக்ஸ்போர்ட்டில் ‘நார்மலைஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள்; விட்டால் நீங்கள் வைத்த மைனஸ் 1 எல்லை போய்விடும். டிஜேக்களுக்கான பதிப்பில் முன்னும் பின்னும் 16 அல்லது 32 பார் டிரம் இருக்கட்டும். முடிவில் ரிவெர்ப் முழுதாக அடங்கும்வரை விட்டு வெட்டுங்கள். 320 எம்பி3 ஆக்கியதையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் 20, 30 மில்லிசெகண்ட் மௌனம் ஒட்டிக்கொள்ளும், முதல் பீட் கட்டத்திலிருந்து நகரும். அதனால் ரீமிக்ஸுக்குத் தனித்தனி டிராக் கேட்பவர்களுக்கு வேவ் மட்டுமே அனுப்புங்கள், எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி.