கனடாவில் இருந்து கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் விடக்கூடாத பிழைகள்

கனடாவில் இருக்கும் கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து, மாதக்கணக்காகக் காத்திருக்கும்போது குடிவரவுத் திணைக்களத்தில் இருந்து இன்னும் சில ஆவணங்கள் வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தால் வீடே கலங்கிப் போகிறது. கேஸ் உடைந்துவிட்டது என்று அழுகிற ஆக்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. உங்கள் கோப்பை ஒரு அதிகாரி திறந்து பார்க்கிறார், முடிவெடுக்க அவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வகைக் கடிதமும் உண்டு. உங்கள் திருமணம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை, அல்லது நீங்கள் தந்த தகவல் பொய் என்று சந்தேகிக்கிறோம், மறுப்பதற்கு முன் உங்கள் பதிலைச் சொல்லுங்கள் என்று அதில் இருக்கும். அது வந்தால் தனியாகப் பதில் எழுதாதீர்கள், கனடாவில் உள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் உடனே கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து அதே கையோடு நாலு படத்தை அனுப்பிவிட்டு இருப்பது பெரிய பிழை.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நான் அதிகம் காணும் சிக்கல் கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விண்ணப்பத்தைக் கொமினிகேசன் கடையில் நிரப்பியிருப்பார்கள், மெயில் முகவரியும் கடைக்காரத் தம்பியுடையதாக இருக்கும். கடிதம் அவருடைய மெயிலுக்குப் போகும், அவர் இரண்டு கிழமை கழித்துப் பார்ப்பார், அதில் ஒரு பகுதியை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புவார். கடிதத்தை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆவணம், யாருடையது, எத்தனை நாளுக்குள், எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆங்கிலம் விளங்காவிட்டால் பள்ளிக்கூடத்து இங்கிலிஸ் டீச்சரிடம் கொண்டுபோய் வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யாருக்கோ வந்த கடிதத்துக்கு அவர்கள் அனுப்பியதைக் கேட்டு அதையே நீங்களும் அனுப்பாதீர்கள்.

தவணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்கள் கடிதத்தின் திகதியில் இருந்துதான் ஓடுகின்றன, நீங்கள் பார்த்த நாளில் இருந்து இல்லை. கைரேகைக்கான அறிவித்தல் என்றால் 30 நாள். ஒரு ஆவணம் பிந்தும் என்று தெரிந்தால் தவணை முடிவதற்கு முன்னமே எழுதி அவகாசம் கேளுங்கள், விண்ணப்பித்த பற்றுச்சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். எல்லாம் சேரட்டும் என்று காத்திருந்து ஒன்றையும் அனுப்பாமல் விட்டால், கையில் இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். கேட்ட ஆவணம் இல்லை என்றால் பேசாமல் விட்டுவிடுவது. வன்னியில் இருந்து போகும் பதில்கள் அடிபடுவது பெரும்பாலும் இதில்தான். 2009 வரை இடம்பெயர்ந்து, கிளிநொச்சியில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வந்து நின்றவர்களிடம் கடுதாசி எங்கே மிஞ்சும்? அது நமக்குத் தெரியும். மேசையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் பிறப்புச் சான்றிதழ் கேட்டேன், வரவில்லை என்பது மட்டும்தான். ஆகவே இல்லை என்றால் ஏன் இல்லை, அதைப் பெற என்ன செய்தீர்கள், அதற்குப் பதிலாக எதைத் தருகிறீர்கள் என்று மூன்றையும் ஒரு விளக்கக் கடிதத்தில் எழுத வேண்டும்.

வெறும் கதையாக எழுதினாலும் போதாது. பிறப்புப் பதிவைப் பிரதேச செயலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். இல்லை என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள், தேடியும் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறப்பு பதியப்படவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கிறது, அதுவும் சரிவராதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. அதோடு பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, அடையாள அட்டை, கிராம அலுவலர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்ட கடிதம் எல்லாம் துணைக்கு வரும். தகப்பனோ முதல் கணவனோ போரில் காணாமல் போயிருந்தால் அதற்கும் அரசாங்கக் கடுதாசி உண்டு. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணப் பதிவு செய்யலாம், இறந்தார் என்று எழுத மனம் ஒப்பாதவர்களுக்கு 2016 திருத்தத்தின்படி காணாமல் போனமைக்கான சான்றிதழ் இருக்கிறது. எதை எடுப்பது என்பது அந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டியது, விசாவுக்காக யாரும் அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் முதல் கணவன் காணாமல் போன ஒரு பெண் மறுமணம் செய்திருந்தால், முதல் திருமணம் எப்படி முடிந்தது என்று கனடா கட்டாயம் கேட்கும். அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடவே முடியாது.

அடுத்தது பெயர். தருமபுரம் பக்கம் ஒரு பிள்ளையின் கடுதாசிகளை மேசையில் பரப்பிப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அதில் தகப்பன் பெயர் சிவநாதன். பாஸ்போட்டில் அதே பெயரில் டி-க்குப் பின் எச் இருந்தது, மொழிபெயர்ப்பாளர் எச் இல்லாமல் அடித்திருந்தார், திருமணப் பதிவில் கடைசி எழுத்துகளே வேறு. பாஸ்போட்டில் அவளுடைய குடும்பப் பெயர் இடத்தில் தகப்பன் பெயர், புதிய அடையாள அட்டையில் கணவன் பெயர். நமக்கு ஒரே ஆள்தான், வெளியாருக்கு நாலு பேர். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போட் கொப்பியையும் கொடுத்து, இதில் உள்ளபடி எழுத்துக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். ஏற்கனவே மாறிப்போன இடங்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, எந்த ஆவணத்தில் எந்த எழுத்து என்று அதில் வரிசையாகக் காட்டுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்: மூலத்தின் கொப்பி, மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சத்தியக்கடதாசி மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த உங்கள் சொந்த அண்ணா மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள்.

திருமண உறவுக்கு ஆதாரம் கேட்டால் நம்மவர்கள் கலியாண அல்பத்தை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். முந்நூறு படத்தில் மேடையில் நிற்பதையே திரும்பத் திரும்பப் பார்த்து அதிகாரிக்கு என்ன விளங்கும்? இருபது முப்பது போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த நாள், எந்த இடம், யார் யார் என்று இருக்க வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு நடந்தவை அதைவிட முக்கியம்: அவர் திரும்ப வந்து நின்ற நாட்கள், விமான டிக்கெட், அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, போனில் கதைத்த பதிவுகளில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம். அப்புறம் நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் விளக்கியாக வேண்டும். எழுத்து, அதாவது திருமணப் பதிவு ஒரு நாள், தாலி கட்டு ஆறு மாதம் கழித்து. ஒரு படிவத்தில் ஒரு திகதியும் மற்றதில் மற்றத் திகதியும் இருந்தால் சந்தேகம் வருவது நியாயம்தானே. சட்டப்படி திருமணம் நடந்தது பதிவு நாளில், சடங்கு இந்த நாளில் என்று இரண்டு வரியில் எழுதினால் தீர்ந்துவிடும்.

பொலிஸ் கிளியரன்சில் இலங்கையை மட்டும் நினைக்கிறார்கள். 18 வயதுக்குப் பிறகு தொடர்ச்சியாக ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த மற்ற நாடுகளில் இருந்தும் கேட்கலாம். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்தவர்கள், தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பிய மன்னார், வவுனியா ஆக்கள், உங்களுக்கும்தான். வெளிநாட்டில் இருந்து எடுப்பது நாள் பிடிக்கும், கடிதம் வந்த அன்றைக்கே முதலில் தொடங்க வேண்டியது அதுதான்.

முகவரி வரலாற்றிலும் வேலை வரலாற்றிலும் இடைவெளி விடாதீர்கள். வேலை இல்லாமல் இருந்தால் வேலை இல்லை என்று எழுதுங்கள், முகாமில் இருந்திருந்தால் முகாமின் பெயரை எழுதுங்கள், அது வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை. கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள், பிறகு புனர்வாழ்வில் இருந்தவர்கள், அதை எழுதாமல் விடச் சொல்லும் ஏஜென்சிக்காரரை நம்பாதீர்கள். மறைத்தது பிடிபட்டால் கனடாச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் உள்ளே வரத் தடை. உண்மையை எப்படி எழுதுவது என்பதற்குச் சட்டத்தரணி வேண்டும், ஏனென்றால் அந்தப் பதில் பாரதூரமானது. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் கனடாவில் சட்டத்தரணியாகவோ அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும், பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரைப் போட மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள்.

ஸ்கான் பண்ணும்போது லமினேட் செய்த சான்றிதழ் மினுங்கி எழுத்து மறையும், அப்படியானால் புதிய பிரதி ஒன்றை எடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இருந்தால் அதையும் ஸ்கான் பண்ணுங்கள். ஒரு தலைப்பில் கேட்டதை எல்லாம் ஒரே பைலாக்கி, முதல் பக்கத்தில் விளக்கக் கடிதமும் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலும் வையுங்கள். அனுப்பு என்று அழுத்துவதற்கு முன் எல்லாத் தலைப்பும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், அனுப்பியதற்கான உறுதிப்படுத்தலைச் சேமித்து வையுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பிள்ளை பிறந்தால், கேட்கும்வரை இருக்காமல் உடனே அறிவியுங்கள். அறிவிக்காமல் கனடா போய் இறங்கிவிட்டால், அந்தப் பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாத நிலை வரலாம்.