பெற்றோர் வேலைக்கு வெளியூர் சென்ற வீட்டில் குழந்தைக்குக் கதை வாசிப்பது எப்படி?

பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கோ தாயும் தகப்பனும் சென்றுவிட, மூன்று வயதுக் குழந்தை பாட்டியிடம் வளரும் வீடுகள் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. பாசத்துக்கு அங்கே குறைவிருக்காது. ஆனால், காட்டுவேலை முடித்து அலுத்து வரும் பாட்டி "சாப்பிடு", "அங்கே போகாதே" என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போது, குழந்தை ஒன்று சொல்ல, பெரியவர் அதற்கு மறுமொழி சொல்ல என மாறி மாறி நடக்க வேண்டிய பேச்சு குன்றிவிடுகிறது. முதல் ஐந்தாண்டுகளில் சொல்வளமும் கவனமும் நினைவாற்றலும் வளர்வதற்கு அந்தப் பேச்சு மிகவும் தேவை. அதைத் தொடங்கி வைக்க ஒரு படப்புத்தகம் போதும்.

பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். குழந்தையை மடியில் அமர்த்தி, படத்தைக் காட்டி, "ஆடு ஏன் ஓடுது?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். குழந்தை "மழை" என்று மட்டும் சொன்னால், "ஆமாம், மழைக்குப் பயந்து கறுப்பு ஆடு ஓடுது" என்று அதை நீட்டிச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேட்டும் விரித்தும் வாசிக்கப் பழகிய பெற்றோரின் குழந்தைகள், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் முந்தினர். ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் மறுக்காதீர்கள்; சொற்கள் படிவது அப்படித்தான்.

பெற்றோரின் தொலைபேசி அழைப்போ பெரும்பாலும் "சாப்பிட்டியா, சமத்தா இருக்கியா" என்பதோடு தீர்ந்துவிடுகிறது. குழந்தையும் தலையாட்டிவிட்டு விளையாட ஓடிவிடும். இந்த நேரத்தை வாசிப்புக்குத் திருப்பலாம். குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அதே கதையைத் தாயோ தகப்பனோ தம் கைப்பேசியில் பார்த்து, வாரம் இருமுறை, ஷிப்டுக்கு ஏற்றபடி முன்பே பேசிவைத்த நேரத்தில், வீடியோ அழைப்பில் வாசிக்க வேண்டும். பக்கம் புரட்டுவதும் படத்தின்மேல் விரல் வைத்துக் காட்டுவதும் பாட்டியின் பொறுப்பு. கைப்பேசியைக் குழந்தை கையில் திணித்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டால், அதுவும் இன்னொரு கார்ட்டூன் ஆகிவிடும்.

அங்கன்வாடியில் அன்று சொல்லித்தந்த பாட்டையும் மாலையில் கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்குப் பெற்றோர் வரும்போது புதுத்துணியோடு ஒரு புதுக்கதையும் வரட்டும். அதை முதல் இரவே அவர்கள் வாசித்துக் காட்டினால், எந்தப் படத்தில் என்ன கேட்கலாம் என்பதைப் பாட்டியும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்.